அம்மாவுக்குப் பத்துப் பூசை

பாரிஸ்
14 ஜனவரி 1996

அன்புள்ள அன்ரனெற் அக்காவுக்குத் தம்பி யோசப் எழுதுவது,

மாதாவின் புண்ணியத்தில் இங்கே ஐந்து பேரும் சுகம், ஐந்து பேருக்கும் தடிமன், இருமல் என்பதைத் தவிர. உங்கள் சுகத்துக்கும் சீமோன் அத்தான், பிள்ளை நிலாணி ஆகியோரின் சுகத்துக்கும் மன்றாடுகிறோம்.

போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன் இருப்பது அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். செபமாலை சொல்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்பா. ஆனபடியால் எழுதுகிறேன்.

அம்மாவை நான் இங்கே கூப்பிட்டு ஐந்து வருடமாகிறது. எங்கள் வீடு லா கூர்னேவில் ஆறாம் மாடி. லிஃப்ட் பெருநாளுக்குப் பெருநாள்தான் வேலை செய்யும். ஒரு அறை, ஒரு சின்ன விறாந்தை. பெடியள் இரண்டு பேரும் நெட்டையாக வளர்ந்துவிட்டார்கள். யூஜினி விடிய ஐந்து மணிக்கு ஒபிஸ் துடைக்கப் போய், பத்து மணிக்கு வந்து சமைக்க நின்றால், அம்மா ஏற்கெனவே குசினியில் நிற்பா. ஒரு உறைக்குள் இரண்டு கத்தி. யாரில் பிழை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு பேரும் களைத்துப் போனார்கள். நானும்தான்.

போன கிழமை அம்மா மாடிப்படியில் சறுக்கி விழுந்தா. எலும்பு ஒன்றும் முறியவில்லை. "இறங்கிறது பறவாயில்லை, ஏறுறதுதான் சீவன் போகுது" என்கிறா. ஞாயிறு பூசைக்குப் போவதையும் விட்டுவிட்டா.

நீங்கள் சிற்றிசன் எடுத்து மூன்று வருடம். கனடாவில் பெற்றாரை ஸ்பொன்சர் செய்யலாம் என்று லாசப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நிற்கிற ஒவ்வொருத்தனும் சொல்கிறான். போன வருடமும் கேட்டேன். போர்ம் போட்டீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கோ.

உங்கள் தம்பி
யோசப்

*

ரொறன்ரோ
3 மார்ச் 1996

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் எல்லாருடைய தடிமனும் இதற்குள் போயிருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவின் காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்லு.

பதில் எழுதப் பிந்திவிட்டது. கோபிக்காதே. ரெக்ஸ்டேல் பக்கத்தில், எயர்போட்டுக்குக் கிட்ட இருக்கிற ஹோட்டலில்தான் இன்னும் வேலை. முந்திப் பன்னிரண்டு அறை துடைத்தோம். இப்போது இரண்டு பேரை நிற்பாட்டிவிட்டு எங்களுக்குப் பதினாறு தருகிறார்கள். பார்க்டேலிலிருந்து இரண்டு பஸ், ஒரு ட்ரெயின். வீட்டுக்கு வந்து என் கட்டிலைப் பார்த்தால், அதையும் விரித்துவிட்டுப் போகவேண்டும் போல் இருக்கிறது. சீமோன் ஒஷாவாவில் கார்ப் பாட்ஸ் செய்கிற இடத்துக்குப் போய் வருகிறார். நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்ப்பது சனிக்கிழமையில்தான்.

ஸ்பொன்சர் விஷயம் நீ நினைக்கிற மாதிரி லேசு இல்லை. வருமானம் காட்டவேண்டும், வங்கிக் கடிதம் வேண்டும், வேலை நிரந்தரம் என்று எழுதித் தரவேண்டும். என்னைப் பிறகு நிற்பாட்டினால் என்ன செய்வது? எல்லாம் பார்த்துத்தான் செய்யவேண்டும். கொஞ்சம் பொறு ராசா. பொறுத்தார் பூமி ஆள்வார்.

யூஜினியை நான் கேட்டதாகச் சொல்லு. பெடியளுக்கு முத்தம்.

அன்பு அக்கா
அன்ரனெற்

*

பாரிஸ்
21 ஏப்ரல் 1996

அக்காவுக்கு,

சுகம். அங்கேயும் அப்படியே இருக்கவேண்டும்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்குப் பூமி வேண்டாம் அக்கா, ஒரு கட்டில் போடுகிற இடம் காணும்.

யூஜினி உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். "உங்கட அக்கா ஏலும் எண்டும் எழுதேல்லை, ஏலாது எண்டும் எழுதேல்லை. மழுப்பிறா" என்றாள். அவளோடு சண்டை பிடித்தேன். பிறகு நானும் ஒருக்கால் ஆறுதலாக வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கோ. ஒரு பிள்ளைக்குத் தாய் பாரமாகலாம், அதில் புதினமில்லை. எனக்கும் சில நேரம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பூசைக்கே போகாத அவ ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைப் பார்க்க ஆறு மாடி இறங்குகிறா. அதையாவது நிற்பாட்டலாம்.

யோசப்

*

ரொறன்ரோ
12 மே 1996
(இது தபாலில் சேர்க்கப்படவில்லை)

தம்பி யோசப்,

சுகம் விசாரிக்க இன்றைக்கு மனம் வரவில்லை.

இன்று அன்னையர் தினமாம். நிலாணி பள்ளிக்கூடத்தில் ஒரு கார்ட் செய்து கொண்டுவந்து தந்துவிட்டு, "நீங்க உங்கட அம்மாக்கு என்ன குடுத்தனீங்க?" என்று கேட்டாள். அதுதான் பேனையை எடுத்தேன்.

1987 மார்ச் மாதம். நான் இங்கே வந்து நாலு மாதம். ஊரில் எங்கள் குருநகரிலிருந்து ஜேர்மனி சுற்றி வந்த ஒரு ஆள் சொன்னார், எங்கள் வீட்டில் ஷெல் விழுந்து அப்பாவும் அம்மாவும் இரண்டு பேருமே முடிந்து போனார்கள் என்று. நம்பாமல் என்ன செய்வேன்? தபால் இல்லை, போன் இல்லை. பார்க்டேல் கோயிலில் இரண்டு பேருக்கும் சேர்த்து இறந்தோர் பூசை ஒப்புக்கொடுத்தேன். இரண்டு கிழமையில் எனக்கு அகதி விசாரணை. பெற்றார் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இரண்டு பேரும் செத்துவிட்டார்கள் என்று சத்தியம் செய்து சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேன் யோசப். அது நடிப்பில்லை.

நாலு மாதம் கழித்து உன் கடிதம் கொழும்பிலிருந்து வந்தது. அப்பா போய்விட்டார், அம்மா கையில் காயத்தோடு ஆஸ்பத்திரியில் என்று. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, விசாரணையில் எனக்கு மொழிபெயர்த்தவரிடம் ஓடினேன். "தங்கச்சி, ஒருக்கா சொன்னதை மாத்தினால் முழுக் கேஸும் பொய்யெண்டு நினைப்பாங்கள். வாயை மூடிக்கொண்டு இரு" என்றார். இருந்தேன். வாயை மூடுவது ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தேன். பிறகு நிரந்தரமாக இருக்கப் போடுகிற லாண்டட் போர்மிலும் தாய் காலமானார் என்று எழுதினேன். சிற்றிசன் எடுக்கவும் அதே கோப்புத்தான்.

கோயிலில் ஆட்களுக்கும் சொல்லவில்லை. யார் யாருக்குச் சொல்வார்கள் என்று பயம். அவர்கள் பாவங்கள், ஒவ்வொரு மார்ச்சிலும் மறக்காமல் "அன்ரனெற்றின்ரை தாய் தகப்பனுக்கு" என்று பூசைக்குப் பெயர் கொடுக்கிறார்கள். நான் முன் வாங்கில் இருக்கிறேன். இந்த வருடத்தோடு பத்துப் பூசை. பாரிஸ் அம்மம்மாவைப் பற்றிக் கோயிலில் கதைக்கக்கூடாது என்று பிள்ளைக்கும் சொல்லி வளர்த்திருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு!

செத்த ஆளை எப்படி ஸ்பொன்சர் செய்வது? போர்மைப் போட்டால் பழைய கோப்பை எடுப்பார்கள். எங்களைத் திருப்பி அனுப்பினால் இந்தப் பிள்ளையைக் கொண்டு எங்கே போவேன்? "பேசாமல் இரு, கிளறாதை" என்று சீமோன் சொல்கிறார். அவருடைய வழக்கும் என் வழக்கோடுதான்.

உனக்கு இதை அனுப்பினால் நீ அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பாய்? அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாயா? இல்லை, இதைத் தபாலில் போட எனக்குத் தைரியம் இல்லை.

*

ரொறன்ரோ
2 ஜூன் 1996

அன்புள்ள தம்பி, யூஜினி, மருமக்களுக்கு,

எல்லாரும் நலம் என்று நினைத்து எழுதுகிறேன். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

அம்மா வேண்டாம் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. அதை மட்டும் நம்பு. மிச்சத்தை எழுத்தில் எழுத ஏலாது. அதனால் நேரில் வருகிறேன்.

ஓம், பாரிசுக்குத்தான்! ஒன்பது வருடமாக ஒரு நாள்கூட லீவு எடுத்து எங்கும் போகவில்லை. ஹோட்டல் துடைக்கிறவள் ஹோட்டலில் படுக்கப் போகிறாளாம் என்று வேலைத்தலத்தில் பகிடி. செப்டெம்பர் இரண்டாம் கிழமை ஐந்து நாள். ப்ளேன், ஹோட்டல், சுற்றிக் காட்டுகிற பஸ் எல்லாம் சேர்ந்த பக்கேஜ். இங்கே ஒரு ட்ராவல்ஸ்காரன் மலிவாகத் தந்தான். நான் மட்டும்தான் வருகிறேன். உன் வீட்டில் தங்கவில்லை என்று யூஜினி குறை நினைக்கவேண்டாம், இருக்கிற நெருக்கத்தில் நானும் வந்து படுத்தால் பெடியளைப் பல்கனியில்தான் படுக்கவைக்கவேண்டும்.

அம்மாவுக்கு இப்போதைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லு. வேறு ஒன்றும் சொல்லாதே.

அன்பு அக்கா
அன்ரனெற்

*

பாரிஸ்
7 ஜூலை 1996

அன்புள்ள அக்கா,

எங்கள் வீட்டில் இவ்வளவு சுகமாக எல்லாரும் இருந்து கனகாலம். உங்கள் கடிதம்தான் மருந்து.

நீங்கள் சொன்னபடி, அக்கா வாறா என்று மட்டும்தான் அம்மாவுக்குச் சொன்னேன். அவ மிச்சத்தைத் தானே சொல்லி முடித்துவிட்டா. "என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாறாள். சும்மா ஊர் பாக்க வாற ஆளே அவள்?" என்றா. இல்லை அம்மா, பேப்பர் அலுவல் கன காலம் எடுக்கும் என்றேன். காதில் விழவில்லை. தமிழ்ப் பூசைக்கு மெல்ல மெல்லப் படி இறங்கிப் போய், செபக் குழுப் பெண்களுக்கெல்லாம் போயிட்டு வாறன் சொல்லிவிட்டா. அவர்கள் ரோல் சுட்டு, கேக் வெட்டிப் பிரியாவிடையே வைத்துவிட்டார்கள். தான் பாட்டு முதல் எடுக்கிற இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்தும் விட்டா.

யூஜினியும் மாறிவிட்டாள். "மாமி, இதைச் சாப்பிடுங்கோ, அதைச் சாப்பிடுங்கோ" என்று ஒரே உபசாரம். நேற்று பெடியளுக்கு ஒரு அடுக்குக் கட்டில் வாங்கிவந்து, பெட்டி உடைக்காமல் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறாள். நான் கண்டும் காணாத மாதிரி இருக்கிறேன்.

எல்லாரும் உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

தம்பி
யோசப்

*

ரொறன்ரோ
6 ஒக்டோபர் 1996

அன்புள்ள தம்பி, யூஜினி, மருமக்களுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வந்த மற்ற நாளே வேலை. நீங்களும் சுகமாக இருக்கவேண்டும்.

யூஜினிக்கு நன்றி சொல்லாமல் இருக்கக்கூடாது. ஐந்து நாளும் சமைத்துக் கட்டித் தந்தாள். நண்டுக் கறி வாசம் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. வேலையிடத்தில் எல்லாரும் பாரிஸ் எப்படி என்று கேட்கிறார்கள். நல்ல வடிவு என்கிறேன். ஈபிள் கோபுரத்தை அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு இரும்பையும் தூக்கி நிறுத்தினவங்கள் எங்கட லிஃப்டைத் திருத்த மாட்டாங்களோ" என்று கேட்டது நினைவிருக்கிறதா? அதைச் சொன்னேன், சிரித்தார்கள். நோத்ரு டாமில் அவ்வளவு சனத்துக்குள் அம்மா வாங்கில் இருந்து நித்திரையானதையும் சொன்னேன். ஹோட்டலில் நான் விடிய எழும்பிக் கட்டிலை மூலை மடித்து விரித்து வைக்க, துடைக்க வந்த பிள்ளை என்னை விநோதமாகப் பார்த்ததைச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு அறையாவது மிச்சமாகட்டும் என்றுதான் செய்தேன்.

மூன்றாம் நாள் நீ வேலைக்குப் போய்விட்டாய். நானும் அம்மாவும் திரு இருதயக் கோயில் குன்றுக்குப் போனோம். ஏற்றத்துக்கு வண்டி இருந்தது. மேலே வெளிப்படியில் கனநேரம் இருந்தோம். பாரிஸ் முழுக்கத் தெரிந்தது. கொஞ்சம் கதைத்தோம்.

ஸ்பொன்சர் பற்றி எயர்போட்டில் நீ கேட்டபோது எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுதுவேன். கொஞ்ச நாள் தா. அன்றைக்கு என்ன கதைத்தோம் என்று அம்மாவைக் கேட்டுக் கரைச்சல்படுத்தாதே.

அன்பு அக்கா
அன்ரனெற்

*

பாரிஸ்
24 நவம்பர் 1996

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லாரும் நடமாடுகிறோம். அத்தானும் பிள்ளையும் சுகம்தானே?

ஸ்பொன்சர் பற்றி இனி எழுதத் தேவையில்லை. அம்மா வரமாட்டாவாம். போன மாதம் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு சொல்லிவிட்டா. "எனக்கு கனடா வேண்டாம். அங்க குளிராம். அவளோட இருக்கேலாது, ஐஞ்சு நாளில ஐம்பது தரம் ஏசிப்போட்டாள். நான் இங்கதான் சாவன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! இரண்டு வருடமாக உங்களோடு மல்லுக்கட்டி, உங்களைக் கடல் தாண்டி வரப்பண்ணி, கடைசியில் இது. பிரியாவிடை வாங்கின மனிசி! யூஜினி எழும்பிப்போய்க் கோப்பை கழுவினாள். நான் கழுவியிருந்தால் உடைத்திருப்பேன்.

அன்று தொடக்கம் அம்மாவோடு நான் கதைப்பதில்லை. சரியோ பிழையோ தெரியாது. வாயைத் திறந்தால் கெட்ட சொல் வரும் என்று பயமாக இருக்கிறது. உங்களை வீணாக மழுப்பிறா என்று எழுதினதற்கு மன்னியுங்கோ. நீங்கள் முயற்சி செய்தீர்கள். அவதான் வேண்டாம் என்கிறா.

யோசப்

*

பாரிஸ்
15 டிசம்பர் 1996

என்ரை செல்ல மகள் அன்ரனெற்றுக்கு அம்மா ரோசமுத்து எழுதிக்கொள்வது,

சேசுவின் கிருபையாலை நான் சுகம். மருமகனும் பேத்தியும் சுகமோ? எழுத்துக் கோணலாய் இருக்கும், கண்ணாடி யோசப்பின்ரை மேசையிலை கிடக்கு. கேட்டு எடுக்கேலாது, அவன் கதைக்கிறேல்லை. செபக் குழுப் பிள்ளை ஒண்டு முத்திரை ஒட்டிப் போடுறன் எண்டது.

நான் வரேல்லை எண்டு சொன்னது உனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பிடியே இருக்கட்டும். நீ ஏசினதெண்டும் சொல்லிப்போட்டன். ஒரு பொய்யும் சொல்லாமல் வேற வழி தெரியேல்லை பிள்ளை. பாவசங்கீர்த்தனத்திலை சொன்னனான். சாமி மூண்டு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னவர். அவ்வளவுதான், மலிவாய் முடிஞ்சுது.

நீ அண்டைக்கு அந்தப் படியிலை இருந்து அழுத அழுகை என்ரை கண்ணுக்குள்ளையே நிக்குது. போற வாற வெள்ளைக்காரரெல்லாம் நான் உனக்கு அடிச்சுப்போட்டன் எண்டு நினைச்சிருப்பினம். எனக்குப் பத்துப் பூசை ஒப்புக்குடுத்தனெண்டு சொல்லி ஏன் அழுதனீ? உயிரோட இருக்கேக்கை பத்துப் பூசை ஆருக்குக் கிடைக்கும்? செத்தாப் பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்திலை எனக்கு வேதனைக் கணக்குக் குறைஞ்சிருக்கும். செத்துப்போன கொப்பருக்குத்தான் பங்கு குறைஞ்சு போச்சு.

யோசப்புக்கு நீ சொல்லாதை. அவன் யூஜினிக்குச் சொல்லுவான், அவள் தாய்க்குச் சொல்லுவாள், தாய்க்கு ரொறன்ரோவிலை தங்கச்சி இருக்கு. அவன் என்னோடை கோவமாய் இருக்கட்டும், உன்னோடை வேண்டாம். என்னோடை கோவிச்சாலும் சோறு போடுவான். நேற்றும் சோத்துக் கோப்பையைக் கொண்டந்து கட்டிலடியிலை வைச்சிட்டு ஒண்டும் பறையாமல் போனவன். பெரிய துண்டு மீன் வைச்சிருந்தவன்.

நீ வாயைத் திறக்காதை. சீமோனையும் பிள்ளையையும் பார். பத்து வருசம் செத்திருந்தனான், இன்னும் கொஞ்சக் காலம் இருக்க மாட்டனோ?

உன்ரை அம்மா

*

ரொறன்ரோ
8 பெப்ரவரி 1997

அன்புள்ள யோசப்,

நீ சுகமாக இருக்கவேண்டும். இதை வாசித்த பிறகும் சுகமாக இருக்கவேண்டும்.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். போன மே மாதம் உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்தது. முதலில் அதை வாசி. பிறகு இதற்கு வா.

வாசித்தாயா? இப்போது விளங்கியிருக்கும். அம்மா வரமாட்டேன் என்றது பொய். நான் ஏசினேன் என்றதும் பொய். நான் ஒரு சொல்லும் ஏசவில்லை, குன்றுக் கோயில் படியில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அழுதேன். அவ என் தலையைத் தடவிக்கொண்டு இருந்தா. அவ்வளவுதான் நடந்தது. எனக்காக உன் கோபத்தை வாங்கிக்கொண்டு, உன் வீட்டில் நீ கதைக்காமல் மூன்று மாதமாக இருக்கிறா. அதை எழுதி எனக்கு அனுப்புகிறா, பெரிய துண்டு மீன் வைத்தான் என்று! அதை வாசித்த நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன கிழமை ஒரு வழக்கறிஞர் பெண்ணிடம் போனேன். சீமோன் வரமாட்டேன் என்றார். பிறகு, "நீ போகத்தான் போறாய், பஸ்ஸிலை ஏன் போறாய்" என்று கொண்டுபோய் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் காருக்குள் இருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். 87இல் நான் நம்பித்தான் சொன்னேன் என்பதற்கு உன் கொழும்புக் கடிதமும் உறையில் உள்ள திகதியும் சாட்சி என்றா. அதற்குப் பிறகு மறைத்ததற்கு ஒரு சாட்சியும் உதவாது. ஒன்றும் நடக்காமலும் போகலாம், பழைய கேஸ் கோப்பை முழுக்கத் திறக்கவும் பார்க்கலாம், சொல்ல ஏலாது, ஒரு வருடம் இரண்டு வருடம் எடுக்கும் என்றா. இப்போதே யோசித்துச் சொல்லு, பிறகு பின்வாங்க முடியாது என்றா.

நேற்று வெள்ளிக்கிழமை போய், குடிவரவுக்கு அனுப்புகிற கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். என் தாய் சூசைப்பிள்ளை ரோசமுத்து உயிரோடு இருக்கிறார், பாரிசில் மகனோடு வசிக்கிறார் என்று. பயமாக இருக்கிறது. ஆனால் வெளியே வந்து நடந்தபோது பசித்தது.

ஸ்பொன்சர் எப்போது சரிவரும், சரிவருமா, எனக்குத் தெரியாது. யூஜினியிடம் சொல்லு, நான் ஏமாற்றவில்லை, பயந்தேன் என்று. கோபிக்கிறதென்றால் இனி என்னோடு கோபி. எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அம்மாவோடு கதை.

அக்கா
அன்ரனெற்

*

பாரிஸ்
2 மார்ச் 1997

அன்புள்ள அக்கா,

எல்லாரும் இருக்கிறோம். நீங்கள் மூன்று பேரும் நல்லாய் இருக்கவேண்டும் என்று இன்றைக்குக் கும்பிட்டேன். நான் கும்பிட்டுக் கனகாலம்.

கடிதம் வந்தபோது யூஜினி வேலையில், பெடியள் பள்ளிக்கூடத்தில். இரண்டையும் குசினிக்குள் நின்றபடியே வாசித்தேன். உங்களோடு கோபம் வந்தது. பத்து வருடம் எனக்குக்கூடச் சொல்லவில்லையே என்று. இன்னும் போகவில்லை. போகும்.

அம்மா கட்டிலில் இருந்தா. பக்கத்தில் போய் இருந்தேன். "அம்மா" என்றேன். நாலு மாதத்துக்குப் பிறகு. அக்கா எல்லாம் எழுதிப்போட்டா, வழக்கறிஞரிட்டைப் போய்ச் சொல்லியும் போட்டா, கையெழுத்தும் வைச்சிட்டா என்றேன். சந்தோசப்படுவா என்றுதான் நினைத்தேன். இனி வழி இருக்கு அம்மா, கனடாவுக்குப் போகலாம் என்றும் சொன்னேன்.

அவ அதைக் கவனிக்கவே இல்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டா.

"அப்ப அவளைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ?"

அக்காவைக் கேட்கிறேன் அம்மா என்றேன். அவ நித்திரை கொள்கிறா இல்லை. ஏதாவது தெரிந்தவுடன், நல்லதோ கெட்டதோ, எழுதுங்கோ அக்கா.

தம்பி
யோசப்